மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றதும் பலர் புது மோட்டாருக்குச் செலவு செய்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் பழுது, சம்ப்புக்குள் (தரையடித் தொட்டிக்குள்) இறங்கும் உறிஞ்சு குழாயில்தான்.

சம்ப்பின் மேல் வைத்த அரை எச்.பி. மோனோபிளாக் பம்பு நீரை இழுக்க, அந்தக் குழாய் நிறைய நீர் நிற்க வேண்டும். அதைப் பிடித்து வைப்பது குழாயின் அடியிலுள்ள ஒருவழி அடைப்பானான ஃபுட் வால்வு. மின்சாரத்தை நிறுத்தி, பம்பின் மேல் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். மட்டம் மளமளவென்று இறங்கினால் வால்வில் மண் சிக்கியிருக்கும், அல்லது அதன் வாஷர் தேய்ந்திருக்கும். மட்டம் நின்றும் நீர் ஏறவில்லையா? குழாய் இணைப்புகளைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாத நுண்துளையும், பம்பு ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும். மரையில் டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றிப் பூட்டினாலே பல வீடுகளில் சரியாகிவிடும்.

ஃபுட் வால்வு சம்ப்பின் தரையிலிருந்து அரையடி உயரத்தில் நிற்கட்டும்; இல்லையேல் சேற்றை இழுக்கும். பம்பின் ஒரு அங்குல உறிஞ்சு வாய்க்கு முக்கால் அங்குலக் குழாய் போடாதீர்கள். பம்பை நீரில்லாமல் ஓடவிட்டால், அதன் அச்சில் கசிவைத் தடுக்கும், நீரால் குளிர வேண்டிய சீல் சூடேறிக் கெட்டுவிடும்.

தெருக் குடிநீர்க் குழாயில் மோட்டாரை நேரடியாகப் பொருத்துவதுதான் பெருங்கேடு. குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே வரும். உள்ளாட்சி அமைப்புகள் இதைத் தெருத்தெருவாகச் சோதிக்க வேண்டும்.

– குழாய்ப் பணியாளர்கள் சிலர், மதுரை