கணிதத்தின் மேல் பழி போடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. எனக்கு மூட்டுவலி மட்டும் விட மாட்டேன் என்கிறது. ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் நிறைய, வாதாடத்தான் ஆள் இல்லை. அதனால் நேராக நீ கிளப்பிய சண்டைக்கே வருகிறேன்.

பொருளியலைக் கெடுத்தது கணிதம்தான் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படிப் படவில்லை. சந்தை தானாகவே சமநிலைக்கு வந்துவிடும் என்ற கோட்பாட்டின் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்ததே கணிதம்தான். எல்லாச் சந்தைகளிலும் தேவையும் அளிப்பும் ஒரே நேரத்தில் பொருந்தும்படியான விலைகள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உண்டு என்று பொருளியலாளர்கள் ஆரோவும் டெப்ரூவும் 1954இல் நிறுவினார்கள். சரி, அப்படிப்பட்ட சமநிலை ஒன்றுதானா, பலவா? சந்தை தானாக அதை நோக்கிப் போகுமா? 1970களின் முற்பகுதியில் சொனன்ஷைன், மான்டெல், அப்புறம் அதே டெப்ரூ, மூவரும் கண்ட விடை சங்கடமானது. ஒவ்வொருவரும் பாடநூல் சொல்கிறபடியே பகுத்தறிவோடு நடந்துகொண்டாலும், அவர்களுடைய தேவைகளைக் கூட்டினால் வருவது ஏறக்குறைய எந்த வடிவத்திலும் இருக்கலாம். சமநிலை பலவாக இருக்கலாம், நிலையற்றதாகவும் இருக்கலாம். கட்டியவரே விரிசலையும் காட்டினார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான். கூட்டினால்தானே சிக்கல், நாடு முழுவதையும் ஒரே ஆளாக வைத்துக்கொள்வோம் என்று பொருளியலாளர்கள் போனார்கள். 'பிரதிநிதி நபர்' என்று அதற்கு மரியாதையான பெயர் வேறு. (இதற்கு வேறு காரணங்களும் சொன்னார்கள், கணக்கு எளிதாகும் என்பது அதில் ஒன்று.) இருப்பது ஒரே ஆள் என்றால் கடன் கொடுப்பவன் யார், வாங்குபவன் யார்? தன் சட்டைப்பையிலிருந்து தானே கடன் வாங்கி எவனாவது திவாலாவானா? அந்த உலகில் வங்கிக்கு வேலையே இல்லை. 2003இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத் தலைமையுரையில் ராபர்ட் லூகாஸ், பெருமந்தத்தைத் தடுக்கும் பிரச்சினை நடைமுறையில் தீர்ந்துவிட்டது என்றார். ஐந்தே ஆண்டில் லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்து, உலக நிதி நெருக்கடி வெடித்தது. அந்த நவம்பரில் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போன எலிசபெத் ராணி, இது வருவதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். கவனித்தவர்கள் இருந்தார்கள். கடன் பெருகப் பெருக நிதி அமைப்பே ஆட்டம் காணும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மின்ஸ்கி பல ஆண்டுகள் எழுதி, 1996இல் இறந்தும் போனார். மையத்தில் இருந்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் கடனுக்கு இடமே இல்லை.

மூலதனத்தை எந்த அலகில் அளக்கிறீர்கள் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1950களில் கேட்ட கேள்விக்கும் இதே கதிதான். லாப விகிதம் தெரியாமல் இயந்திரங்களின் மதிப்பைச் சொல்ல முடியாது. அந்த மதிப்பை வைத்துத்தான் லாப விகிதத்தையே விளக்குகிறார்கள். நீண்ட சண்டைக்குப் பின் 1966இல் பாடநூல் தரப்பின் பெரிய புள்ளியான அமெரிக்கப் பொருளியலாளர் சாமுவேல்சன், ராபின்சன் தரப்பின் முக்கிய வாதத்தை ஒப்புக்கொண்டார். பாடநூல்கள் அசையவில்லை.

ஆனாலும் முழுத் துறையையும் குப்பையில் போடு என்று நீ சொல்வதற்கு நான் வர மாட்டேன். 1992இல் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும், கூலி உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துரித உணவகங்களில் வேலை குறையவில்லை. கூலியை ஏற்றினால் வேலை போகும் என்று மனப்பாடம் செய்திருந்தவர்களிடம் நன்றாகத் திட்டு வாங்கினார்கள். 2021இல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. குரூகர் அதற்குள் இறந்துவிட்டார். இதைச் செய்ததும் துறைக்கு உள்ளே இருந்தவர்கள்தானே?

உன் பேத்தி பொருளியல் படிக்கப் போகிறாள் என்றாய். நீ குறுக்கே நிற்காதே. பாடத்திட்டம் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. வங்கியும் கடனும் எத்தனையாவது பருவத்தில் வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மணி