மன்னார் ஆயர் ஆண்டகைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆண்டகை,

"ஆயர் பூசையோடு நிற்க வேண்டும், அரசியல் பேசக் கூடாது" என்று தங்களுக்கு முன் மன்னார் ஆயராக இருந்து மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் காலத்தில் தெற்கில் சொன்னார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அவர் நடந்த வழிதான் இந்த மறைமாவட்டத்துக்குப் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வழியைத் தாங்களும் விடாமல் பிடிக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் வைத்தது கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஐ.நா. ஆகியவற்றின் கணக்கு. கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. ஐ.நா. கணக்கின்படி போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். காணாமல் போன ஆட்டைத் தேடச் சொல்லும் வேதத்தைப் படித்த ஒருவர் வேறு என்ன கேட்பார்? இதை அரசியல் என்று தள்ளியவர்கள், அந்தக் கணக்கு பிழையென்றால் எல்லோரும் ஏற்கக்கூடிய கணக்கை இன்றுவரை தரவில்லை.

பங்குப் பணிமனையில் பூசைக்கு எழுத வரும் தாய்மாரைப் பாருங்கள். பூசைக் கருத்து என்ன, எதற்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். காணாமல் போன மகனுடைய பெயரை ஆன்ம இளைப்பாற்றிக்கு எழுதினால் அவன் செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். சுகத்துக்கு எழுதலாமென்றால், 2009க்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. இறந்தோர் பதிவேட்டில் இல்லை. தாய்மாரோ ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஒவ்வொரு பங்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோருக்கென்று தனிப் பதிவேடு திறக்கப் பணியுங்கள். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் சாட்சியம், எல்லாம் பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு இருக்கட்டும். இதற்கு அரசின் அனுமதி தேவையில்லை.

மக்களோடு நிற்கும் வழி இன்னும் மறையவில்லை: காற்றாலை மின் திட்டத்துக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தபோது குருக்களும் கூட நின்றது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபரில் புலிகளால் துரத்தப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் திரும்பி வந்து காணிக்காக அலைந்தபோது, எங்கள் திருச்சபை அவர்களுக்காகப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். முன்னவர் வழியில் குறைந்திருந்தது அதுதான். தாங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தினரை ஆயர் இல்லத்துக்கு அழைத்து அவர்களுடைய காணிக் கோவைகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்கு முன் பதிவேட்டுக்கான சுற்றறிக்கை பங்குகளுக்கு வந்துவிட்டால், நவம்பர் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுத இளைஞர் இருக்கிறார்கள்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
மறைமாவட்ட விசுவாசி ஒருவர்