2,500 ரூபாயிலயே நிக்குத தொழில் வரி: தென்மாவட்ட எம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு நம்ம பக்கத்துல இருந்து டெல்லிக்குப் போயிருக்க உங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுதேன், கட்சி எதுவா இருந்தாலும் சரி. விஷயம், வேலை தொழில் பாக்குதவுககிட்ட மாநகராட்சியும் பஞ்சாயத்தும் வாங்குத தொழில் வரி, கொஞ்சம் சுத்தி வளைச்சு வாரேன்.

2025-26 பட்ஜெட்ல தமிழ்நாட்டோட வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் சுமார் 41,635 கோடின்னு போட்டுருந்தாவ. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம்னு அன்னாடச் செலவுக்கே கடன் வாங்கணும்னு அர்த்தம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில டீக்கடையில நின்னு இதப் பேசுனா, "பணக்காரன் மேல வருமான வரிய ஏத்துங்கலே, எல்லாம் சரியாயிரும்"னு ஒரே போடா போட்டுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருதாவ. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விவசாய வருமானத்தத் தவிர வேற எந்த வருமானத்து மேலயும் வரி போடுத அதிகாரம் மாநிலத்துக்கு கெடையாதே. டெல்லி வசூல் பண்ணும், பகிர்ந்து குடுக்க வேண்டிய தொகையில 41 சதவீதத்த எல்லா மாநிலத்துக்கும் பிரிக்கும், இந்தப் பங்க முடிவு பண்ணுத நிதிக்குழுவுல 15வது குழு கணக்குப்படி, 2026 மார்ச் வரைக்கும் அந்த 41 சதவீதத்துல நம்ம பங்கு வெறும் 4.079 சதவீதமா இருந்துச்சு. இதுல பெரிய கூத்து என்னன்னா, 50 லட்சத்துக்கு மேல வருமானம் உள்ளவுக மேல போடுத சர்சார்ஜுங்குத கூடுதல் வரியும், வரி கட்டுத எல்லார் மேலயும் போடுத 4 சதவீத செஸ்ஸும் அந்தப் பங்குக் கணக்குக்கே வராது, நாம தொண்டை கிழிய கத்தி பணக்காரன் மேல சர்சார்ஜ ஏத்துனாலும் ஒத்தப் பைசா சட்டப்படி இங்க வரணும்னு இல்ல.

அப்ப மாநிலம் என்ன செய்யும், கைக்கு எட்டுனதப் புடிக்கும். 2022ல சொத்து வரிய ஏத்துனாவ, நம்ம பக்கத்து மாநகராட்சியில 600 சதுரடிக்குள்ள இருக்க வீட்டுக்கே 25 சதவீதம். அதே வருசம் செப்டம்பர்ல கரண்ட் பில்லும் ஏறுச்சு. டாஸ்மாக்ல 2023-24ல மட்டும் 45,855 கோடி வருமானம். முக்கூடல்ல மடியில முறத்த வச்சு பீடி சுத்துத அக்காவுக்கு வருமான வரியே கெடையாதுன்னு சொல்லுதோம், ஆனா வீட்டு வரி, கரண்ட் பில்லு, வாங்குத ஷாம்பு பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி, வீட்டுக்காரரு சாயங்காலம் போடுத குவார்ட்டருன்னு எல்லா வரியும் அந்த ஒரு வீட்டுல இருந்துதான போகுது.

இப்ப விஷயத்துக்கு வாரேன். நான் பாளையங்கோட்டையில ஒரு ஆபீஸ்ல சம்பள பில்லு போடுத ஆளு. ஆகஸ்ட்டுலயும் பிப்ரவரியிலயும் தொழில் வரி புடிப்போம். ஆறு மாச வருமானம் 75,000 தாண்டிட்டா அதுதான் கடைசி ஸ்லாப், அதாவது கடைசி வரிப் படி, அதுக்கு மேல ஸ்லாப்பே கெடையாது. அதனால மாசம் 13,000 வாங்குத துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கும் மாசம் 1,60,000 வாங்குத எங்க மேலதிகாரிக்கும் எக்செல்ல தொழில் வரி கட்டத்துல ஒரே நம்பரத்தான் காப்பி பண்ணி இழுத்து விடுவேன். இது மாநகராட்சி செஞ்ச தப்பு இல்ல. அரசியல் சட்டத்துல 276வது பிரிவு வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு கட்டிப் போட்டுருக்கு. முதல்ல 250 ரூபாயா இருந்துச்சு, 1988ல திருத்தம் கொண்டு வந்து 2,500 ஆக்குனாவ, அதோட சரி. 1988ல மாசம் 2,500 ரூபா சம்பளம்னா அவரு ஆபீசரு. 14வது நிதிக்குழு இத 12,000 ஆக்கச் சொல்லி எழுதியே குடுத்துச்சு, யாரும் ஏறெடுத்துப் பாக்கல.

சட்டசபையில இத மாத்த முடியாது, பார்லிமெண்டாலதான் முடியும், அதனாலதான் உங்ககிட்ட கேக்கேன். உச்சவரம்ப 12,000 ஆக்குங்க, மாசம் லட்ச ரூபா வாங்குதவரு மாசம் ஆயிரம் குடுக்கட்டும், ஒண்ணும் கொறஞ்சிர மாட்டாரு. கூடவே சென்னையில உள்ளவுககிட்ட சொல்லி மாசம் 25,000க்குக் கீழ வாங்குதவுகளுக்கு தொழில் வரி சுத்தமா இல்லன்னு ஆக்கச் சொல்லுங்க, அதுக்கு டெல்லி அனுமதி கூட வேண்டாம். இத எழுதுனதுக்கு எங்க ஆபீஸ்லயே என்னைய ஏசுவாவ, ஏசட்டும், எனக்கும்தான் கூடுது.

இதுல 41,635 கோடியும் அடைஞ்சிரும்னு நான் சொல்ல வரல, அதுக்குப் பக்கத்துல கூட வராது. தொழில் வரி மாநகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் போற காசு. ஆனா சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஒவ்வொரு தடவையும் சென்னையப் பாத்து கையேந்துத நிலைமை கொஞ்சம் கொறையும், அந்த அளவுக்கு மாநிலத்துக்கும் பாரம் கொறையும். செஸ், சர்சார்ஜுல பங்கு கேக்கது பெரிய சண்டை, அதையும் விடாதீங்க, ஆனா அது முடியட்டும்னு இதப் போட்டு வைக்காதீங்க.

வெள்ளிக்கிழமை தனிநபர் மசோதா கொண்டு வரலாம், இல்ல கேள்வி நேரத்துல ஒரு கேள்வியாவது போடலாம். போட்டா உங்க பேரும் மந்திரி சொன்ன பதிலும் லோக்சபா வெப்சைட்ல வந்துரும், நாங்க எடுத்துப் பாத்துக்கிடுதோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில சம்பள பில்லு போடுத ஒருத்தன்