தீயணைப்புத் தன்னார்வலர் பெயரில் உதவித்தொகை

ஆசிரியருக்கு வணக்கம். தீயணைப்புத் தன்னார்வலர் ஒருவரின் பெயரில் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்போவதாக வந்த செய்தியைப் படித்தேன்.

வாழ்நாள் முழுக்கச் சம்பளமில்லாமல் தீயணைப்புப் பணி செய்தவரின் பெயரில் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குவது, சிலை வைப்பதைவிட எவ்வளவோ மேல். இப்படிச் சம்பளமில்லாமல் தீயணைப்பது புதிதல்ல. 1736-லேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பின்னாளில் அந்நாட்டு விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னார்வத் தீயணைப்புக் குழு தொடங்கினார். சிலி நாட்டில் இன்றும் தீயணைப்பு வீரர்கள் தன்னார்வலர்கள்தான். நடுராத்திரியில் அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்; அப்புறம் காலையில் வழக்கமான வேலைக்கும் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் விழித்துக் காத்திருந்த இரவுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உதவித்தொகை வழங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள். முதலுதவி, ரத்ததானம், வெள்ள நிவாரணம் என்று ஓடியாடிய பிள்ளைகளைத் தேடிக் கொடுங்கள். விண்ணப்பத்தோடு அந்த வீரரின் வாழ்க்கையை ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். பணம் வாங்கும் பிள்ளைக்கு அவர் யாரென்று தெரிய வேண்டும்.

– ஒரு வாசகர்