ஆங்கில வகுப்பைத் திடலுக்கு மாற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் ஏறாது என்று வாசகர் ஒருவர் அலுத்துக்கொண்டு எழுதியிருந்தார். நான் காரைக்காலில் பிறந்தவள். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பதினோரு ஆண்டுகளாக அப்படிப்பட்ட மாணவர்களுக்குத்தான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதல் ஆண்டு நானும் அலுத்துக்கொண்டவள்தான். இலக்கணத் தாள்களை அச்சடித்துக் கொடுப்பேன். காலைப் பயிற்சி முடித்து வந்த பிள்ளைகள் அதன்மேலேயே தலைவைத்துத் தூங்குவார்கள்.

பிறகு வகுப்பை, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்தின் திடலுக்குக் கொண்டுபோனேன். உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு ஒருவர் ஆங்கிலத்தில் கட்டளையிட வேண்டும். வாயில் வந்ததைத்தான் மற்றவர்கள் செய்வார்கள், அவர் மனத்தில் நினைத்தது கணக்கில்லை. முழங்காலை மடக்கச் சொல்ல நினைத்து, ஒருவன் 'ஃபோல்டு யுவர் நீஸ்' என்றான். ஆங்கிலத்தில் 'ஃபோல்டு' துணிக்கும் காகிதத்துக்கும்தான், முழங்காலுக்கு 'பெண்ட்'. இருபது பேரும் அசையாமல் நின்று அவனையே பார்த்தார்கள். பிரெஞ்சில் துணிக்கும் முழங்காலுக்கும் ஒரே வினைச்சொல். நாமும் காகிதத்தையும் மடக்குகிறோம், காலையும் மடக்குகிறோம். அதனால் எனக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை. 'பெண்ட்' என்ற சொல்லை அவன் அதற்குப்பின் மறக்கவே இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலம் என்று நம்பிக்கொண்டிருக்கும் சொற்கள் தனித் தொல்லை. மெதுவோட்டத்தை இங்கே 'ஃபூட்டிங்' என்பார்கள். ஆங்கிலேயருக்கு அது ஓட்டமே இல்லை. ஹகரமும் நாவில் நிற்காது. குதிகாலைக் குறிக்கும் 'ஹீல்', 'ஈல்' என்று ஒலித்து விலாங்கு மீனாகிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னே பிடித்து, மூச்சுக்காற்று படுகிறதா பார் என்பேன்.

ஒலியை அணைத்துவிட்டு ஆட்டக் காணொளியை ஓடவிட்டு, ஆளுக்கு ஒரு நிமிடம் வர்ணனை சொல்ல வைப்பதும் உண்டு. பந்தை வாங்குகிறார், மூன்றடி வைக்கிறார், எறிகிறார் என்று சொல்லிச் சொல்லியே, படர்க்கை ஒருமை வினையின் கடைசி 'எஸ்' நாவில் ஒட்டிக்கொள்கிறது. ஆட்டம் முடிந்தபின் பேட்டி. அதில் முழுக்க இறந்தகாலம். இத்தீவின் சேன் பியேரில் பிறந்த கால்பந்து வீரர் திமித்ரி பாயே 2015இல் லண்டன் வெஸ்ட் ஹாம் அணிக்குப் போனவர். பேட்டி மேசைக்குப் பாதிப் பேர் பாயேயாகத்தான் வந்து உட்காருவார்கள்!

அக்டோபரில் இங்கே 160 கிலோமீட்டருக்கும் மேலான மலையோட்டம் ஒன்று நடக்கும். 'பைத்தியக்காரர்களின் மூலைவிட்டம்' என்று பெயர். வெளிநாட்டு ஓட்டக்காரர்களும் இரவில் தள்ளாடியபடி முகாம்களுக்கு வந்து சேர்வார்கள். போன முறை தொண்டுக்குப் போன என் மாணவி ஒருத்தி, ஓர் ஓட்டக்காரரின் வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்றெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டுக் கட்டுப் போட்டாளாம். மறுநாள் தொலைபேசியில் அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். 'ஹர்ட்' என்றபோது ஹகரம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
ரீயூனியன்