நந்தவனச் சரிவுத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள நம் கோயில் நந்தவனத்தின் மேற்குச் சரிவில் கற்றாழை நட்டு மண்ணைக் கட்டும் பணி, இந்தக் கார்த்திகையில் நிறைவடைந்தது. வரவு செலவு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால், பணி நடந்த விதத்தை மட்டும் இங்கே தெரிவிக்கிறோம்.

அந்தச் சரிவில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் 3 முறை வைத்துப் பார்த்தோம். பங்குனியில் கிணறு வற்றியதும், லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் அவை கருகின. ஐப்பசி மழையிலோ செம்மண் கரைந்து பிரகாரம் வரை வந்தது. எனவே, ஏற்காட்டில் உறுப்பினர் ஒருவரின் தோட்ட வேலியில் ஆள் உயரத்துக்குக் கிளைத்து நின்ற கற்றாழையைத் தேர்ந்தோம். தாவரவியலார் ஆலோ ஆர்போரெசென்ஸ் என்று குறிக்கும் இது நம் சோற்றுக் கற்றாழை அன்று. தென்னாப்பிரிக்க மலைப்பகுதிகளில் இயல்பாக வளர்வது, அங்கே மாட்டுப்பட்டிகளைச் சுற்றி உயிர்வேலியாகவும் நடப்படுவது.

பூசைக்கு உதவாத செடிக்கு நந்தவனத்தில் இடம் எதற்கு என்று பொதுக்குழுவில் எழுந்த கேள்வி நியாயமானதே. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் நீருமின்றி மாதக்கணக்கில் பசுமை மாறாமல் தொங்குவதை மூத்த உறுப்பினர் ஒருவர் நினைவூட்டிய பிறகே அவை அடங்கியது. இச்செடியும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை வாங்குகிறது. ஆகவே வெயிலில் நீரை அதிகம் இழப்பதில்லை.

முதல் நடவில் பிழை எங்களுடையது. சென்ற ஆண்டு ஆடியில், வெட்டி வந்த அன்றே 40 கொம்புகளை ஈர மண்ணில் ஊன்றிவிட்டோம். இரண்டே வாரத்தில் பாதிக்கு மேல் அடி கறுத்து, தொட்டால் கூழாகக் கையோடு வந்தன. தையில் கொண்டுவந்த கொம்புகளை மடப்பள்ளித் திண்ணையின் நிழலில் 10 நாள் பரப்பி வைத்தோம். வெட்டுவாய் சுருங்கிக் காய்ந்த தோல்போல் ஆன பின்னரே, சரளை கலந்த குழிகளில் 3 அடி இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டோம். முதல் வாரம் தண்ணீர் காட்டவே இல்லை. காவலாளிக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் குடத்தோடு நின்றவரைத் தடுக்க வேண்டியிருந்தது.

பங்குனியில் இலைகள் செம்பழுப்பாக மாறியதைக் கண்டு செடி போயிற்று என்று சிலர் வருந்தினர். வறட்சியில் அவை அப்படித்தான் சிவக்கும். சித்திரைக் கோடை மழை இரண்டு விழுந்ததும் சாம்பல் பச்சைக்குத் திரும்பின. இந்த ஐப்பசியில் மண் வரிசைகளிலேயே தங்கியது, பிரகாரத்தைக் கழுவும் வேலை இல்லை. மிச்சமான தண்ணீர் கீழ்ப்பாத்தி அரளிக்குப் போகிறது. குளிர்காலத்தில் ஆரஞ்சுச் சிவப்புக் கதிர்களாகப் பூக்கும் செடி என்றாலும், இங்கே இதுவரை ஒரு கதிரும் வரவில்லை.

சோற்றுக் கற்றாழை என்று நினைத்து யாரோ மடல்களை நறுக்கிச் செல்கிறார்கள். அதில் வடியும் மஞ்சள் பால் கடுங்கசப்பு, வயிற்றைப் போக்கும். வீட்டில் வளர்க்கக் கொம்பு வேண்டுவோர் அலுவலகத்தில் பெயர் எழுதி வைக்கலாம். தை மாதத்தில் கவாத்து செய்யும்போது, காயவைத்தே தருவோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்