குழி எந்தக் கோலுக்கு?

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். போனில் பேசினால் நடுவில் நீயும் பேசுவாய், நானும் பேசுவேன், கணக்கு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். பேப்பர் பேனா எடுத்து வைத்துக்கொண்டு படி.

தாத்தா வாங்கிய வாய்க்கால்கரை வயலின் பத்திரத்தில் "இந்த நான்கெல்லைக்குள்பட்ட நஞ்சை மா 2 குழி 50" என்று இருக்கிறது. பட்டாவில் 0 - 33.50 என்று இருக்கிறது. இணையத்தில் ஏதோ ஒரு கால்குலேட்டரில் அதை 250 குழி என்று போட்டாய், 3.3 ஏக்கர் வந்தது. பட்டா அளவைப் போட்டாய், 83 சென்ட்கூட முழுசாக வரவில்லை. மீதி இரண்டரை ஏக்கர் எங்கே போச்சு, பக்கத்து வயல் சித்தப்பாவுடையதுதானே என்று கேட்கிறாய்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழிகூட எங்கேயும் போகவில்லை. சித்தப்பாவிடம் வாய் திறந்துவிடாதே. மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தால் அவரிடமும் சரிசெய்துவிடு.

அந்தக் கால்குலேட்டர் கூட்டல் பெருக்கலில் தப்புப் பண்ணவில்லை. அது பெருக்கியது வேறு ஊர்க் குழி. குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம். நம் தஞ்சாவூர்ப் பக்கம் கோல் 12 அடி. அதனால் குழி 144 சதுர அடி. செங்கல்பட்டுப் பக்கம் கோல் 24 அடி. அங்கே குழி 576 சதுர அடி. கோல் இரண்டு மடங்கு ஆனதும் குழி நான்கு மடங்கு ஆகிவிட்டது பார். நமக்கு நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அங்கே நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். சென்னையில் கிரவுண்டு என்கிறார்களே, 2,400 சதுர அடி, அதில் இருபத்துநான்கு சேர்ந்தால் அந்தக் காணி.

உனக்கு வந்த 3.3 ஏக்கர் எவ்வளவு தெரியுமா? நம் கணக்கில் சரியாக அரை வேலி. வாய்க்கால்கரையில் அரை வேலி நஞ்சை இருந்திருந்தால் உன் அப்பன் எதற்காகப் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைக்கிறான்? விடை வந்ததும் இப்படி ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நீ சின்ன வயதில் அந்த வரப்பில் ஓடியிருக்கிறாய். அது பத்து மா வயலா?

சரி, இப்போது கணக்கைப் போடுவோம். உன் படிப்பில் இதெல்லாம் பண்ணியிருப்பாய், ஆனால் நான் பத்திரத்துக்குப் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டுகிறேன். எண்ணை எழுதும்போது பக்கத்தில் அலகையும் எழுது. அலகு இல்லாத எண்ணை நான் என்னிடம் வேலை பழக வந்த பையன்களிடம் வாங்கவே மாட்டேன். அப்புறம் ஒரு பின்னம். மேலே 144 சதுர அடி, கீழே 1 குழி. மேலேயும் கீழேயும் இருப்பது ஒரே பரப்பு, ஆகவே அந்தப் பின்னத்தின் மதிப்பு ஒன்று. ஒன்றால் பெருக்கினால் வயல் வளரவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. பெயர்தான் மாறும்.

250 குழி × (144 சதுர அடி / 1 குழி) = 36,000 சதுர அடி

குழிக்குக் குழி அடிபட்டுப் போச்சு, சதுர அடி மிஞ்சுகிறது. அதைச் சென்ட்டாக்க இன்னொரு பின்னம்:

36,000 சதுர அடி × (1 சென்ட் / 435.6 சதுர அடி) = 82.64 சென்ட்

பெருக்குவதா வகுப்பதா என்று குழம்ப வேண்டியதே இல்லை. எந்த அலகு போக வேண்டுமோ அது எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார். தலைகீழாகப் போட்டால் "சதுர அடி × சதுர அடி / சென்ட்" என்று அர்த்தமில்லாமல் ஒன்று வந்து நிற்கும். அங்கேயே பிடித்துவிடலாம்.

இனி பட்டா. அதில் பரப்பு ஹெக்டேர் - ஏர் என்று இருக்கும். 0 - 33.50 என்றால் ஹெக்டேர் இல்லை, 33.50 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், நூறு ஏர் ஒரு ஹெக்டேர். நம் வயல் 3,350 சதுர மீட்டர். பத்திர அளவை அதே அலகுக்குக் கொண்டுவந்தால் 36,000 சதுர அடியை 10.764 ஆல் வகுக்க வேண்டும். 3,344.5 சதுர மீட்டர், அதாவது 33.44 ஏர். பட்டாவில்தான் ஐந்தரை சதுர மீட்டர் கூடுதலாக இருக்கிறது! அரைக் குழிக்கும் குறைவு. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் அவர்தான் நம்மைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்த 10.764 எங்கிருந்து வந்தது என்று கவனி. ஒரு மீட்டர் 3.281 அடி. ஆனால் நாம் மாற்றுவது நீளத்தை இல்லை, பரப்பை. நீளத்துக்கு ஒரு தரம், அகலத்துக்கு ஒரு தரம், 3.281 இரண்டு தடவை பெருக்கப்பட வேண்டும். இங்கே ஒரு மனைத் தரகர் 3,350 சதுர மீட்டரை 3.28 ஆல் ஒரே தடவை பெருக்கி, பதினோராயிரம் சதுர அடிக்கும் கீழே, இருபத்தைந்து சென்ட்தான் தேறும் என்று சொல்லிவிடுவார். வாங்குகிறவரும் கால்குலேட்டரைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். அலகை எழுதியிருந்தால் "மீட்டர் × அடி" என்று பாதியில் தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

ஐந்தரை சதுர மீட்டர் ஏன் கூடியது என்று கேட்பாய். பத்திரம் குழியில் எழுதியது. பழைய வருவாய்க் கணக்கு ஏக்கர் - சென்ட்டில் இருந்தது. எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் பதிவு மேம்பாட்டு வேலை நடந்தபோது எல்லாம் ஹெக்டேருக்குப் போனது. ஒவ்வொரு தடவை மாறும்போதும் யாரோ ஒருவர் பக்கத்து எண்ணுக்கு ரவுண்டு பண்ணியிருப்பார். நம் பட்டாக்களை எடுத்துப் பார், பரப்பு .00 என்றோ .50 என்றோதான் முடியும். 33.44 என்று யார் எழுதப் போகிறார்கள்? அதனால் ஏற்கெனவே ரவுண்டு பண்ணிய எண்ணிலிருந்து இன்னொரு அலகுக்குப் போகாதே. மூலத்தில் எந்த அலகில் அளந்தார்களோ அங்கிருந்து புறப்படு.

வாய்க்கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு. நம்மூரில் யாரைக் கேட்டாலும் "மூணு மா ஒரு ஏக்கர்" என்பார்கள். கரும்புக்கும் நெல்லுக்கும் குத்தகை பேச அது போதும். ஆனால் மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. ஏக்கருக்கு 360 சதுர அடி உதைக்கிறது. ஒரு வேலிக்கு அந்த வாய்க்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் சரியாக 2,400 சதுர அடி. ஒரு கிரவுண்டு! வேலிக்கணக்கில் நிலம் கைமாறும்போது ஒரு வீட்டுமனை காற்றில் போய்விடும். பத்திரத்தில் அந்த வாய்க்கணக்கை எழுத நான் விட்டதில்லை.

ஏக்கர் ஏன் 43,560 என்று இப்படி ஒரு கோணல் எண்ணாக இருக்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்பாய், நினைவிருக்கிறதா? எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் ஒரு அளவைச் சங்கிலி செய்தார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணி. சர்வேயர்கள் லிங்க்ஸ் என்பார்கள், பழைய புலப்படங்களில் எல்லாம் அந்த அளவுதான். ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் 4,356 சதுர அடி. அது பத்து சதுரம் சேர்ந்தால் ஏக்கர். அப்படியானால் ஒரு சதுரச் சங்கிலி பத்து சென்ட், ஒரு சென்ட் ஆயிரம் சதுர லிங்க்ஸ். அடியில் கோணலாகத் தெரிவது சங்கிலியில் நூறும் ஆயிரமுமாக ஓடுகிறது. தம்பி கிரிக்கெட் பார்த்துக்கொண்டே இருப்பானே, அந்த பிட்ச் 22 கெஜம், அதுவும் ஒரு சங்கிலிதான். பிட்ச் நீளத்துக்கு நாலு பக்கமும் உள்ள சதுரம் என்றால் பத்து சென்ட். மனை பார்க்கப் போகும்போது கண்ணளவுக்கு இது நன்றாக உதவும்.

உங்கள் ஊரிலும் ஏக்கர் இதே ஏக்கர்தான். ஹூஸ்டனில் உங்கள் வீட்டுமனை 0.17 ஏக்கர் என்றாயே, அது 17 சென்ட், மூன்று கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அங்கேயும் குழி மாதிரி ஒரு வில்லங்கம் உண்டு. டெக்சாஸின் பழைய நிலப் பத்திரங்களில் வாரா என்று ஒரு ஸ்பானிய அளவு வரும். டெக்சாஸ் வாரா 33⅓ அங்குலம். மெக்சிகோவில் அதே பெயருக்கு 33 அங்குலம். எந்த வாரா என்று கேட்காமல் அங்கே யாரும் பெருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நீயும் இனிமேல் எந்தக் குழி, எத்தனை அடிக் கோல் என்று கேட்டுவிட்டுக் கால்குலேட்டரைத் தொடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவு எவ்வளவுதான் சரியாக வந்தாலும் நான்கெல்லையைப் படிக்காமல் விடாதே. பத்திரத்தில் கிழக்கே வாய்க்கால், தெற்கே சித்தப்பா வயல் என்று இருக்கிறதே, எல்லையும் பரப்பும் முரண்பட்டால் பெரும்பாலும் எல்லைதான் நிற்கும். சர்வேயர் வந்து கல் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அறுவடை முடிந்ததும் அளக்க மனு போடலாம் என்று சித்தப்பாவே போன வாரம் சொன்னார். செலவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றும் சொன்னார்.

உனக்கும் தம்பிக்கும் எழுதி வைக்க வேண்டியதில் இன்னும் மேலத்தெரு மனைக்கட்டு பாக்கி. பட்டாவில் 0 - 05.50. அது எத்தனை சதுர அடி, எத்தனை குழி, இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை சென்ட் என்று நீ போட்டு அனுப்பு. அலகோடு எழுது. விடையை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். தம்பியிடமும் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன், அவனிடம் கேட்டு எழுதாதே.

அன்புடன்,
அப்பா